பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: வாங்கிய கேம்கள் ஓடுமா, நம் கேமை போர்ட் செய்யலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். முதல் கேள்வி: உங்களிடம் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1050 கார்டு, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 உங்கள் பிராசசரை ஏற்காது. லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் போனால், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் காசு கொடுத்து வாங்கிய கேம்கள் ஓடுமா? இரண்டாவது: கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து சி++ல், டைரக்ட்3டி 11 (விண்டோஸில் படம் வரைவதற்கான கிராபிக்ஸ் வசதி) வைத்து ஒரு கேம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதை லினக்ஸுக்கும் போர்ட் செய்ய வேண்டுமா, அதாவது லினக்ஸில் நேரடியாக ஓடும்படி மாற்ற வேண்டுமா, எவ்வளவு வேலை பிடிக்கும்? இரண்டையும் படித்தபோது அடியில் ஒரே கேள்வி ஓடுவதாகத்தான் எனக்குப் பட்டது. ஒரு கேமை இன்றைக்கு லினக்ஸில் ஓடவைப்பது பெரிய வித்தை இல்லை. மூன்று வருடம் கழித்தும் அது ஓடுகிறதா என்று யார் பார்த்துக்கொள்வது? ஆடுகிறவருக்கும் சரி, எழுதுகிறவருக்கும் சரி, பிரச்சினை அங்கேதான் வரும். நான் பன்னிரண்டு வருடமாக சின்ன ஸ்டுடியோக்களுக்கு போர்ட் வேலை செய்கிறேன், பெரும்பாலும் 2டி கேம்கள், நடுத்தர அளவில் சில 3டி கேம்கள். நூறு பேர் வேலை செய்யும் கேம்களின் உள்ளே கை வைத்ததில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அடிப்படை. விண்டோஸுக்காக எழுதிய கேமுக்குள் இரண்டு விதமான சமாசாரம் இருக்கிறது. ஒன்று, பிராசசருக்கான கட்டளைகள். கூட்டு, கழி, ஒப்பிட்டுப் பார் என்பவை. பிராசசர் அதேதான் என்பதால் இவை லினக்ஸிலும் அப்படியே ஓடும். இன்னொன்று, ‘இந்த ஃபைலைத் திற’, ‘இந்த முக்கோணத்தை வரை’ என்று விண்டோஸிடம் கேட்கும் கோரிக்கைகள். ஒயின் என்ற மென்பொருள் இந்தக் கோரிக்கைகளுக்கு மட்டும் துபாஷி வேலை பார்க்கிறது. பழைய மதராஸில் துரை சொன்னதைச் சந்தைக்காரருக்குப் புரியும்படி துபாஷி சொன்னார், சரக்கைச் சுமந்தது அவரில்லை. அதுபோலத்தான் இதுவும். அதனால் ஒயினை எமுலேட்டர் (வேறொரு இயந்திரத்தைப் போலவே நடிக்கும் மென்பொருள்) என்று சொல்வது தவறு. அந்தப் பெயரின் விரிவே ‘ஒயின் எமுலேட்டர் அல்ல’ என்பதுதான். 1993ல் தொடங்கிய திட்டம், 1.0 பதிப்பு வர 2008 ஜூன் ஆகிவிட்டது. பதினைந்து வருடம்!

கேம்களைப் பொறுத்தவரை கடினமான பகுதி டைரக்ட்3டி. ஒயின் அதை நெடுங்காலம் ஓப்பன்ஜிஎல் என்ற இன்னொரு கிராபிக்ஸ் முறையாக மொழிபெயர்த்தது. ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் முறை வந்த பிறகு, பிலிப் ரெபோலே என்ற புரோகிராமர் டைரக்ட்3டி 11ஐ வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே என்ற லைப்ரரியை எழுதினார். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், ஒயினை வளர்க்கும் கோட்வீவர்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஒயினையும் இதையும் ஒன்றாகக் கட்டி, 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற பெயரில் ஸ்டீமுக்குள்ளேயே வைத்தது. டைரக்ட்3டி 12க்கு விகேடி3டி-புரோட்டான் என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த, கையில் வைத்து ஆடும் வால்வின் ஸ்டீம் டெக் முழுக்க முழுக்க இதை நம்பித்தான் விற்கப்பட்டது. அது வெறும் லினக்ஸ் கம்ப்யூட்டர். அதை வாங்கியவர்களில் பலருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளும் தேவையும் வரவில்லை.

இனி உங்கள் லேப்டாப். இப்போதைய டிஎக்ஸ்விகேவுக்கு வல்கன் 1.3 கட்டாயம். ஜிடிஎக்ஸ் 1050க்கு அது இருக்கிறது, உங்கள் இன்டெல் கிராபிக்ஸுக்கும் இருக்கிறது, ஆகவே வாசல் தாண்டிவிட்டீர்கள். நான்காம் தலைமுறை இன்டெல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பழைய கேம்களோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருப்பேன். ஆனால் நிவிடியா டிரைவரில் கவனம் வேண்டும். உங்கள் கார்டு பாஸ்கல் தலைமுறை. நிவிடியா இப்போது முன்னிறுத்தும் ‘ஓப்பன் கெர்னல் மாட்யூல்’ வகை டிரைவர், பாஸ்கலுக்குப் பின்னால் வந்த டூரிங் தலைமுறையிலிருந்துதான் வேலை செய்யும், உங்களுக்கு ஆகாது. பாஸ்கலை ஆதரிக்கும் கடைசி டிரைவர் வரிசை 580. லினக்ஸ் பல ‘விநியோகங்களாக’, அதாவது தனித்தனித் தொகுப்புகளாகக் கிடைக்கிறது. அவற்றில் மின்ட் அல்லது உபுண்டு போட்டால் டிரைவர் மேனேஜரில் 580ஐ, ‘ஓப்பன்’ என்ற வால் இல்லாததாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். எதையும் உடனுக்குடன் புதிதாக்கிக்கொண்டே இருக்கும் விநியோகங்கள் உங்கள் கார்டுக்குத் தலைவலி. ஒருநாள் காலை அப்டேட் கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் திரை கறுப்பாக நிற்கும்.

இன்னொரு விஷயம், லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கிறது. திரைக்கான இணைப்பு பெரும்பாலும் இன்டெல் வழியாகப் போகும். கேம் எந்தக் கார்டில் ஓடுகிறது என்று பார்க்காமல் ‘லினக்ஸில் பாதி வேகம்தான் வருகிறது’ என்று முடிவு கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேமின் செட்டிங்ஸில் கார்டின் பெயர் இன்டெல் என்று காட்டினால், வேகத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். ஸ்டீமை உபுண்டுவில் ஸ்னாப் வடிவில் போடாமல் டெப் பொதியாகவே போடுங்கள். கேம் ஃபைல்களை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைத்து இரண்டு பக்கமும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய்யான சி டிரைவை உருவாக்குகிறது, அதற்கு ‘சி:’ என்று முக்காற்புள்ளியோடு பெயர் வைக்கிறது. விண்டோஸ் ஃபைல் பெயரில் அந்தப் புள்ளிக்கு அனுமதி கிடையாது. அங்கிருந்து தொடங்கும் குழப்பத்தை நான் விவரிக்க வேண்டாம். லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் வையுங்கள்.

வேகத்தில் என்ன எதிர்பார்க்கலாம்? டைரக்ட்3டி 9, 11 கேம்கள் விண்டோஸுக்கு மிக நெருக்கமாக வரும். டைரக்ட்3டி 12 கேம்களில் பாஸ்கல் கார்டுகள் லினக்ஸில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பின்தங்கும். அந்தத் தலைமுறை வன்பொருளுக்கும் மொழிபெயர்ப்புக்கும் அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. கேமில் 11ஐத் தேர்வு செய்ய வழி இருந்தால் 11லேயே ஆடுங்கள். முதல் முறை ஒரு இடத்துக்குப் போகும்போது படம் ஒரு கணம் தடுக்குவது, கிராபிக்ஸ் கார்டில் ஓடும் ஷேடர் என்ற சின்ன புரோகிராம் அப்போதுதான் கம்பைல் ஆவதால். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, புது டிரைவர்களின் வசதியைப் பயன்படுத்தி இதைப் பெரிதும் குறைத்துவிட்டது. கதைக் காட்சி வர வேண்டிய இடத்தில் தூர்தர்ஷன் காலத்துக் கலர் பட்டைகள் வந்தால் பயப்படாதீர்கள். அந்த வீடியோவின் கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைக்கு) காப்புரிமை சிக்கல் இருப்பதால் புரோட்டான் வைக்கும் பதிலி அது. புரோட்டான்-ஜிஇ என்ற தனிப் பதிப்பை முயன்று பாருங்கள், பெரும்பாலும் படம் வந்துவிடும்.

இதுவரை சொன்னதையெல்லாம் உறுதியாகச் சொல்வேன். ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) உள்ள ஆன்லைன் கேம்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வலோரண்ட் ஓடாது. அதன் ஆன்டி-சீட்டான வேன்கார்டு, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்காரும் டிரைவர். ஒயினில் அப்படி ஒரு கெர்னலே கிடையாது, துபாஷி யாரிடம் போய்ப் பேசுவார்? ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021லேயே புரோட்டானை ஆதரிப்பதாக அறிவித்துவிட்டன, ஆனால் அதை இயக்கிவிடுவது அந்தந்த கேம் நிறுவனத்தின் விருப்பம். எல்டன் ரிங் இயக்கியது, ஓடுகிறது. ஈசி ஆன்டி-சீட்டுக்குச் சொந்தக்காரரான எபிக் நிறுவனமே தன் ஃபோர்ட்நைட்டுக்கு இயக்கவில்லை. சொந்தக் கடைச் சரக்கைச் சொந்த வீட்டில் சமைக்காத கதைதான். ஜிடிஏ 5ன் கதைப் பகுதி நன்றாக ஓடும். ஆன்லைன் பகுதி 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்த்ததோடு போயிற்று. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் இரண்டு வருடத்துக்கும் மேல் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்திவிட்டார்கள், லினக்ஸ் வழியாக ஏமாற்றுகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஆகவே இன்று ஓடும் ஆன்லைன் கேம் அடுத்த மாதமும் ஓடும் என்று நான் மட்டுமல்ல, யாருமே உத்தரவாதம் தர முடியாது. நண்பர்களோடு மாலை ஆடுவது வலோரண்ட்தான் என்றால் விண்டோஸை வைத்துக்கொள்ளுங்கள், மனம் நோகாது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 என்றால் கவலையே இல்லை, இரண்டுக்கும் நேரடி லினக்ஸ் பதிப்பு உண்டு. மற்றவற்றுக்கு, எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் பாருங்கள், ஆனால் அங்கே கிடைக்கும் ‘தங்கம்’, ‘பிளாட்டினம்’ பதக்கத்தை நம்பாமல் உங்களைப் போல பாஸ்கல் கார்டு வைத்திருப்பவர் கடந்த மூன்று மாதத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் படியுங்கள்.

இப்போது உங்கள் சொந்த கேம். ‘நேரடி லினக்ஸ் பதிப்பு இருந்தால் மரியாதை, புரோட்டானில் ஓடினால் ஒட்டுப்போட்டது’ என்ற எண்ணம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. எனக்கும் முதல் ஐந்தாறு வருடம் அப்படித்தான் இருந்தது. பழைய கதை கொஞ்சம் சொன்னால் ஏன் மாறினேன் என்று புரியும்.

லோக்கி சாஃப்ட்வேர் என்று ஒரு நிறுவனம் 1998ல் தொடங்கியது. பெரிய விண்டோஸ் கேம்களின் உரிமத்தை வாங்கி, லினக்ஸுக்கு போர்ட் செய்து, பெட்டியில் போட்டு விற்றார்கள். 1999ல் சிவிலைசேஷன்: கால் டு பவர், பிறகு ரெயில்ரோடு டைக்கூன் 2, ஆல்ஃபா சென்டாரி என்று வரிசையாக. வேலை சுத்தமான வேலை. ஆனால் 2002 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அந்தப் பெட்டிகளில் இருக்கும் புரோகிராம்களை இன்றைய உபுண்டுவில் இயக்கிப் பாருங்கள். அவை தேடும் லைப்ரரிகள் இல்லை. ஒலியை அனுப்ப அவை தேடும் பழைய ஓஎஸ்எஸ் சாதனமும் இல்லை. அதே காலத்து விண்டோஸ் சிடியை ஒயினில் போட்டால் பெரும்பாலானவை எழுந்து ஓடுகின்றன. விசித்திரம்தான், ஆனால் காரணம் எளிது. லோக்கி போன பிறகு அந்த போர்ட்டுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒயினைப் பார்த்துக்கொள்ள இன்றும் ஆள் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு பிழையைத் திருத்தினால் ஆயிரம் கேம்களுக்குச் சேர்த்துத் திருத்துகிறார்கள். ‘லினக்ஸில் மாறாமல் இருக்கும் ஒரே ஏபிஐ வின்32தான்’ என்று எங்கள் தொழிலில் ஒரு கிண்டல் உண்டு (வின்32 என்பது புரோகிராம்கள் விண்டோஸிடம் கோரிக்கை வைக்கும் முறை). லோக்கி வேறொன்றை விட்டுச் சென்றது. அங்கே வேலை பார்த்த சாம் லன்டிங்கா எழுதிய எஸ்டிஎல் என்ற லைப்ரரி இன்றும் கேம் உலகின் முதுகெலும்புகளில் ஒன்று. அவர் பின்னால் வால்வுக்கே போனார்.

எதிர்ப்பக்கம் டூம் என்ற கேம் இருக்கிறது. 1994லேயே லினக்ஸுக்கு வந்தது. 1997 டிசம்பரில் அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் சோர்ஸ் கோடை (புரோகிராமர்கள் எழுதிய மூல வடிவத்தை) வெளியிட்டபோது கொடுத்தது டாஸ் பதிப்பையல்ல, லினக்ஸ் பதிப்பை. டாஸ் பதிப்பின் ஒலி லைப்ரரி வேறொருவர் சொத்தாக இருந்ததுதான் காரணம். டூம் இன்றுவரை எல்லா இடத்திலும் ஓடுவது சோர்ஸ் கையில் இருப்பதால். ஆக, போர்ட் நீடிப்பதற்கு நான் கண்ட வழிகள் இரண்டுதான். ஒன்று, சோர்ஸைத் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் அதே ஆட்கள் தொடர்ந்து பராமரிக்க வேண்டும். மூடிய சோர்ஸ், பராமரிக்க ஆளில்லை என்ற கூட்டணி எப்போதும் தோற்கிறது. ராக்கெட் லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2016ல் லினக்ஸ் பதிப்பு வந்தது, 2020 மார்ச்சில் அதன் ஆன்லைன் ஆதரவை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு லினக்ஸ்காரர்கள் விண்டோஸ் பதிப்பைத்தான் புரோட்டானில் ஆடினார்கள். வால்வும் 2013 முதல் நாலைந்து வருடம் ‘போர்ட் செய்யுங்கள்’ என்று ஸ்டுடியோக்களைக் கேட்டுப் பார்த்தது. 2015ல் கடைக்கு வந்த, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் கம்ப்யூட்டர்களுக்குப் போதுமான கேம் வரவில்லை. கேட்டுப் பயனில்லை என்று தெரிந்த பிறகுதான் புரோட்டானில் பணம் போட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். ஃபெரல், ஆஸ்பைர் மாதிரி போர்ட்டையே தொழிலாகச் செய்தவர்கள் நல்ல வேலை செய்தார்கள், புரோட்டான் வந்த பிறகு அந்த வரத்தும் மெலிந்துவிட்டது.

நேரடிப் பதிப்பு வேகமாக இருக்குமே என்பீர்கள். 2012ல் வால்வ் தங்கள் லெஃப்ட் 4 டெட் 2ஐ போர்ட் செய்தபோது விண்டோஸ் 7ல் வினாடிக்கு 270.6 ஃபிரேம், லினக்ஸில் 315 என்று அறிவித்தார்கள். எல்லோரும் அந்த இரண்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அதே அறிவிப்பில் மூன்றாவது எண் ஒன்று உண்டு: அந்த ஓப்பன்ஜிஎல் கோடை விண்டோஸிலேயே ஓட்டியபோது 303.4. அதாவது லாபத்தின் பெரும்பங்கு லினக்ஸால் வந்ததல்ல, ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றிச் சீர்செய்த கோடால் வந்தது.

உங்கள் கேமுக்கு வருவோம். டைரக்ட்3டி 11 கோடை வல்கனில் திரும்ப எழுத வேண்டும் என்று பயப்படுகிறீர்கள். தேவையில்லை. டிஎக்ஸ்விகேயை லினக்ஸின் சாதாரண லைப்ரரியாகவே கட்ட முடியும், ஒயின் இல்லாமல். உங்கள் கிராபிக்ஸ் கோடு டைரக்ட்3டியாகவே இருக்கும், ஜன்னலையும் கன்ட்ரோலரையும் எஸ்டிஎல் பார்த்துக்கொள்ளும். வால்வ் தன் போர்ட்டல் 2விலேயே இந்த வழியைப் பயன்படுத்தியிருக்கிறது. ஷேடர்களை மட்டும் விண்டோஸில் கம்பைல் செய்து பைட்கோடாகச் சேர்த்துவையுங்கள். அடுத்த கேமைப் புதிதாகத் தொடங்கும்போது 2025 ஜனவரியில் நிலையான பதிப்பாக வந்த எஸ்டிஎல் 3ன் ஜிபியூ பகுதியைப் பாருங்கள். ஒரே கோடு விண்டோஸில் டைரக்ட்3டி 12, லினக்ஸில் வல்கன், மேக்கில் மெட்டல் என்று போகும்.

நேரம் தின்பது கிராபிக்ஸ் இல்லை, சில்லறை விஷயங்கள். ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் கண்டுகொள்ளும். நான் போர்ட் செய்த ஒரு கேமில் கதவு திறக்கும் ஒலியின் ஃபைலுக்கு ஒலிக்காரர் பெரிய எழுத்தில் தொடங்கிப் பெயர் வைத்திருந்தார், கோடில் எல்லாம் சின்ன எழுத்து. கேம் கிராஷ் ஆகவில்லை, கதவு சத்தமில்லாமல் திறந்தது. அது கலை நயம் என்றே நாங்கள் நினைத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்து ஒரு ஆட்டக்காரர் விண்டோஸ் வீடியோவைப் பார்த்துவிட்டு எழுதியபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எல்லா ஃபைல் பெயரும் சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டைத்தான் முதலில் எழுதுகிறேன். இதைவிட மோசமான தவறு சேவ் ஃபைலில் நடந்தது. ‘லாங்’ என்ற டேட்டா டைப் 64 பிட் விண்டோஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8 பைட். வைட் கேரக்டர் அங்கே 2, இங்கே 4. ஸ்டுடியோ ஒன்று மெமரியில் இருந்த ஸ்ட்ரக்ட்டை (தகவல் தொகுப்பை) அப்படியே ஃபைலில் கொட்டி எழுதியிருந்தது. கிளவுட் வழியாக விண்டோஸ் சேவ் லினக்ஸுக்கு வந்ததும் வீரனின் பெயர் குப்பை, கையிருப்புத் தங்கம் கோடிக்கணக்கில். அதை யாரும் பிழை என்று புகார் செய்யவில்லை என்பது தனிக் கதை. நீங்கள் இப்போதே அளவு குறிப்பிட்ட டைப்களுக்கு மாறிவிடுங்கள், விண்டோஸிலும் அதனால் நஷ்டமில்லை.

கோடைப் புரோகிராமாகக் கட்டும் இடமும் முக்கியம். புது உபுண்டுவில் கம்பைல் செய்தால், பழைய விநியோகத்தில் ஜிலிப்சி (லினக்ஸ் புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) பதிப்பு போதவில்லை என்று கேம் தொடங்கவே தொடங்காது. டெபியன் 11ஐ அடிப்படையாகக் கொண்ட ஸ்டீமின் ‘ஸ்னைப்பர்’ ரன்டைம் கன்டெய்னருக்குள் (எல்லா லினக்ஸிலும் ஒரே மாதிரி இருக்கும் தனிச் சூழலுக்குள்) கட்டுங்கள். இவ்வளவு செய்தும் மேலே இருந்து கல் விழலாம். 2022 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.36 ஒரு பழைய ஹாஷ் அட்டவணையைக் கைவிட்டது, அதை நம்பியிருந்த ஈசி ஆன்டி-சீட் கேம்கள் ஒரே இரவில் படுத்துவிட்டன. விநியோகங்கள் அதைத் திரும்பச் சேர்க்க வேண்டியிருந்தது. யார் மேல் தப்பு என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

உங்கள் கேமில் தமிழ் உரையாடல்கள் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கவனியுங்கள். ‘கொ’ என்பதைக் கம்ப்யூட்டர் ‘க’ என்றும் அதைத் தொடரும் ஒரு குறி என்றும்தான் வைத்திருக்கிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ஒற்றைக் கொம்பை முன்னால் கொண்டுபோவது ஷேப்பிங் என்ற தனி வேலை. விண்டோஸில் அதை டைரக்ட்ரைட் என்ற எழுத்து வரையும் வசதி உங்களுக்குத் தெரியாமலே செய்துவிடுகிறது. லினக்ஸ் போர்ட்டில், ஷேப்பிங் செய்யாத ஃப்ரீடைப் என்ற எழுத்துரு லைப்ரரியை மட்டும் வைத்து எழுத்து வரைந்தால் கொம்பு இடம் மாறி நின்று பல்லிளிக்கும். ஷேப்பிங் செய்யும் ஹார்ஃப்பஸ் லைப்ரரியைச் சேருங்கள், அதையும் இரண்டு பக்கமும் சேருங்கள். அப்போது விண்டோஸ், ஒயின், லினக்ஸ் மூன்றிலும் எழுத்து ஒரே மாதிரி வரும். வரி உடையும் இடம்கூட மாறாது.

எவ்வளவு வேலை? என் கணக்கில் உங்கள் அளவு கேமை லினக்ஸில் ஓடவைக்க ஒருவருக்கு இரண்டு வாரம், விற்கும் அளவுக்குச் சரியாக்க இரண்டு மாதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் சோதனை. அதற்கு ஆட்கள் இருக்கிறார்களா? ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸ் பங்கு நெடுங்காலம் 1 சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2025 அக்டோபரில்தான் 3 சதவீதத்தைத் தாண்டியது. உங்கள் கேமுக்கு எவ்வளவு வரும் என்பதைச் சொல்ல ஜோசியம்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வந்திருக்கும் அனுபவங்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கின்றன. பிளானெட்டரி அனிஹிலேஷனில் வேலை செய்த ஒருவர், லினக்ஸ் விற்பனை 0.1 சதவீதத்துக்கும் கீழே, ஆனால் கிராஷ், உதவிக் கோரிக்கைகளில் 20 சதவீதத்துக்கு மேல் என்று 2019ல் சொன்னார். டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் எழுதியவர் 2021ல் சொன்னது வேறு: விற்பனையில் 5.8 சதவீதம், பிழைப் புகார்களில் சுமார் 38 சதவீதம். ஆனால் அந்தச் சுமார் 400 புகார்களில் லினக்ஸுக்கே உரிய பிழை மூன்றுதான், மற்றவை எல்லா ஆட்டக்காரர்களையும் பாதித்தவை, லினக்ஸ்காரர்கள் மட்டும் உட்கார்ந்து விவரமாக எழுதினார்கள். இரண்டாவது கேம் கோடோ எஞ்சினில் செய்தது, முதலாவது 2014ன் டிரைவர்களோடு மல்லுக்கட்டியது. நிலைமை இரண்டாவதை நோக்கி நகர்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம், நிரூபிக்க என்னிடம் எண் கிடையாது.

ஆகவே உங்கள் நால்வருக்கு நான் சொல்வது: முதல் வெளியீட்டுக்கு நேரடிப் பதிப்பு வேண்டாம். விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் சுத்தமாக ஓடும்படி பாருங்கள். அதற்கு விண்டோஸுக்கே உரிய வீடியோ வசதிகளைத் தவிர்த்து காப்புரிமை இல்லாத கோடெக் வையுங்கள், ஸ்டீம் டெக்கின் திரை அளவான 1280×800ல் எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள், தனி லாஞ்சர் ஜன்னல் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை லினக்ஸ் லேப்டாப்பில் முழுதாக ஆடுங்கள். இப்போதுதான் உங்களிடம் அப்படி ஒரு லேப்டாப் வரப்போகிறதே. சேவ் ஃபைல், பெரிய-சின்ன எழுத்து, ஹார்ஃப்பஸ் மூன்றையும் இப்போதே சரிசெய்து வைத்தால், பின்னால் மனம் மாறினாலும் போர்ட் வேலையில் பாதி முடிந்திருக்கும். உங்களில் ஒருவர் லினக்ஸையே தினமும் பயன்படுத்துபவர் என்றால் மட்டும் என் பேச்சை மீறி நேரடிப் பதிப்பு கொண்டுவாருங்கள். அப்படி ஒருவர் இருக்கும் குழுவில் போர்ட் தானாகவே உயிரோடு இருக்கும், நான் பார்த்தவரை.

அப்புறம், விண்டோஸை அழிக்கும் முன் ஒன்று. எல்லா கேமும் சேவ் ஃபைலை கிளவுடில் வைப்பதில்லை. ‘டாக்குமென்ட்ஸ்’, ‘ஆப்டேட்டா’, ‘சேவ்டு கேம்ஸ்’ மூன்று ஃபோல்டரையும் ஒரு பென்டிரைவில் எடுத்துவையுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், தேடிப் பிடியுங்கள். லினக்ஸில் கேமை ஒருமுறை திறந்து மூடினால் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காம்ப்டேட்டா என்ற இடத்தில், கேமின் எண்ணுக்குக் கீழே அந்தப் பொய்யான சி டிரைவ் உருவாகியிருக்கும். அதில் பயனர் பெயர் ‘ஸ்டீம்யூசர்’ என்று இருக்கும். பழைய சேவ் ஃபைலை அந்தப் பயனரின் அதே ஃபோல்டரில் போட்டுவிட்டு கேமைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து ஆடலாம்.